நண்பரும் அதே வண்டியை வாங்கினால்

ஆசைப்பட்டு ஒரு வண்டி எடுக்கிறீர்கள். மறுநாளே நண்பரும் அதே மாடலை எடுத்து வந்து நிற்கிறார். எப்படி இருக்கும்? அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் நடுத்தர வர்க்க எம்.பி.ஏ. மாணவர்களிடமும் உழைக்கும் வர்க்கத் தீயணைப்பு வீரர்களிடமும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் பலருக்கு எரிச்சல்; தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோருக்குச் சந்தோஷம்.

இதில் நல்ல குணம், கெட்ட குணம் என்று எதுவும் இல்லை; வளர்ந்த சூழல்தான் காரணம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அரசு நிவாரணம் தீர்ந்தபிறகு கைமாத்து, சீட்டு, அக்கா தரும் நகை என்றுதான் பல வீடுகள் ஓடும். சேமிப்பும் இன்சூரன்ஸும் உள்ளவர் பணத்தால் சமாளிப்பதை இங்கே ஆட்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அப்படி வளரும் பிள்ளைக்கு ‘நான்’ என்றாலே அதற்குள் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரும் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது வேறு கதை: முதல் சம்பளம் வந்ததும் யாருக்கு என்ன செய்தாய் என்று தெருவே கணக்குக் கேட்கும்.

ஏழைக்குத்தான் அடுத்தவர் முகம் படிக்கத் தெரியும் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வில் அது நிற்கவில்லை. ஏழைக்குத்தான் மனசு உண்டு என்ற சினிமா வசனம் வேண்டாம். அமெரிக்க ஆய்வுகளில் சாதியும் கிடையாது. 1921-இல் சென்னை பின்னி மில் வேலைநிறுத்தத்தில் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள். யாரிடம் கைமாத்து கேட்கலாம் என்பதை வர்க்கம் மட்டும் முடிவு செய்வதில்லை.

வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் இன்டர்வியூ. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் தண்டையார்பேட்டைப் பையன், “எங்கப்பா ஹார்பர்ல லோடுமேன், அம்மா ஹவுஸ்வைஃப்” என்று ஆரம்பிப்பான். கேட்பவருக்கு அது பதிலே இல்லை. அவனைப் பொறுத்தவரை அதுதான் சரியான பதில்.

ஸ்டீபன்ஸ் குழு 2012-இல் இதையே சோதித்தது. சுயமாகச் சிந்தி, தனி வழி தேடு என்ற தொனியில் எழுதிய கல்லூரி வரவேற்புக் கடிதத்தைப் படித்தபின், முதல் தலைமுறை மாணவர்கள் புதிர்களில் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். சேர்ந்து கற்போம் என்ற தொனியில் கடிதத்தை மாற்றியதும் அந்த இடைவெளி மறைந்தது. நம் ஊர் கோச்சிங் சென்டர்களோ அப்பா அம்மாவைப் பற்றிய வரியை அடித்துவிடச் சொல்லித்தான் பையனைத் தயார் செய்கின்றன.