27 டாலருக்கு வாங்கிய மகாசாசனம்

1946-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் லண்டன் புத்தக வியாபாரிகளிடம் ஒரு பழைய தோல் ஆவணத்தை வாங்கியது. விலை 27 டாலர் 50 சென்ட். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா (மகாசாசனம்) என்ற பழைய இங்கிலாந்து உரிமைச் சாசனத்தின் நகல், 1327-இல் எழுதப்பட்டது, ஈரக்கறை படிந்தது என்று விற்பனைப் பட்டியலில் போட்டிருந்தார்கள். வாங்கியவர்களும் அதை நம்பி அப்படியே வைத்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் டேவிட் கார்பென்டர் என்ற பிரிட்டிஷ் வரலாற்றுப் பேராசிரியர் இணையத்தில் அதன் படத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அது 1300-இல் முதலாம் எட்வர்டு மன்னர் வெளியிட்ட மூலப் பிரதிகளில் ஒன்று என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். 1297-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று 2007-இல் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது என்றால் நூலகத்தின் அதிர்ஷ்டத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மூலம் எது, நகல் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கே ஒரு வேடிக்கை: மூலம் என்பதே பல பிரதிகள்தான். அரசவை எழுத்தர்கள் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுத, அரச முத்திரையோடு அவை ஊர் ஊராகப் போயின. மன்னர் கையெழுத்துப் போடவில்லை, மெழுகு முத்திரைதான். ஹார்வர்டு பிரதியின் அளவு 489-க்கு 473 மில்லிமீட்டர். மற்ற ஆறு 1300-ஆம் ஆண்டுப் பிரதிகளோடு அது ஒத்துப்போனது. தொடக்கத்தில் மன்னர் பெயரின் பெரிய எழுத்தும், முதல் வரியின் நீட்டி எழுதிய பாணியும் பொருந்தின. வாசகமும் ஒத்துப்போக வேண்டுமே? மங்கிப்போன இடங்களைப் படிக்கப் புற ஊதா ஒளியில் படமெடுத்தார்கள்.

அந்த ஒளியில் ஏன் தெரிகிறது? தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைக்கத்தியால் சுரண்டிக் காயவைத்ததுதான் எழுதுதோல். அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் புற ஊதா ஒளி பட்டால் நீலமாக மினுங்கும். மை வேறு ரகம். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட்டால் அந்த இடம் காய்போலப் புடைக்கும். அதை இடித்து ஊறவைத்த துவர்ப்புச் சாற்றில் இரும்பு உப்பையும் பிசினையும் கலப்பார்கள். எழுதும்போது வெளிறியிருக்கும் அந்த மை காற்றுப் படப்படக் கறுத்து, தோலுக்குள்ளும் இறங்கிவிடும். மேலே தேய்ந்துபோனாலும் உள்ளே தங்கிய மிச்சம் புற ஊதா ஒளியை விழுங்கிக்கொள்ளும். மினுங்கும் தோலில் அது இருட்டாக நிற்க, எழுத்து தெரிந்துவிடும்.

இப்படிப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததால்தான் சாசனமே பிழைத்தது. 1215 ஜூனில் ரன்னிமீட் புல்வெளியில் இங்கிலாந்தின் ஜான் மன்னர் பிரபுக்களிடம் ஒப்புக்கொண்ட மூல ஒப்பந்தம் சுமார் பத்து வாரம்தான் தாங்கியது. ஆகஸ்ட் 24-இல் போப் மூன்றாம் இன்னசென்ட் அது செல்லாது என்றார். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் சண்டை மூண்டது. மறு ஆண்டு ஜான் இறந்தார், 9 வயது மகன் மூன்றாம் ஹென்றி அரியணை ஏறினார். பிரபுக்களைத் தன் பக்கம் இழுக்க, பையன் பெயரால் ஆண்டவர்கள் அதே சாசனத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். வேறு சில பிரிவுகளோடு, மன்னரைக் கண்காணிக்க 25 பிரபுக்கள் என்ற பிரிவும் காணாமல் போனது. அது இருந்திருந்தால் எந்த மன்னரும் இதைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். 1225-இல் மறுபடி வெளியீடு. இந்த முறை வரி கொடுக்க ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக. 1297-இல் அது சட்டப் பதிவேட்டில் ஏறியது.

உள்ளே இருந்ததில் பாதிக்கு மேல் அன்றாடச் சில்லறைதான்: தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கப் போட்ட தடுப்புகளை அகற்று, நாடு முழுக்க ஒயினுக்கும் தானியத்துக்கும் ஒரே அளவை வை, இப்படி. நடுவில் 39-ஆம் பிரிவு: சுதந்திர மனிதன் எவனையும், அவனுக்கு நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சிறைப்பிடிக்கக் கூடாது. அந்தச் 'சுதந்திர மனிதன்' கணக்கில் பண்ணையடிமைகள் சேரவில்லை. 1354-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த நிலையில் உள்ள மனிதனும் என்று மாற்றி, 'உரிய சட்டமுறை' என்ற சொல்லையும் சேர்த்தது. அந்தச் சொல்தான் கடல் கடந்து 1791-இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தில் உட்கார்ந்தது.

உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் நம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவிலும் அது வந்திருக்க வேண்டியது. ஆனால் எழுதியவர்கள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு, 'சட்டம் நிறுவிய நடைமுறை' என்று போட்டார்கள். வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது. 1950-இல் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாநில அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்கத் தேவையில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டு எழுதினார். சரி, அது எங்கே போய் முடிந்தது? 1978-இல், தன் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியதை எதிர்த்து மேனகா காந்தி போட்ட வழக்கில். அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 21-ஆம் பிரிவின் வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்கவில்லை.