கல்லைக் கொட்டினால் கடற்கரை திரும்பாது

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் அதே கேள்வி வருகிறது: "கரை போகிறது, எத்தனை லாரி கல் வேண்டும்?" போன தடவை கொட்டிய கல் எங்கே என்று கேட்டால், மணலுக்குள் இறங்கிவிட்டது என்பார்கள். இந்தக் கல்லும் அங்கேதான் இறங்கும்.

முதலில், புயலுக்கு மறுநாள் எடுத்த புகைப்படம் கடலரிப்புக்குச் சான்று ஆகாது. புயல் அலை இழுத்துச் சென்ற மணலில் பெரும்பகுதி கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் திட்டாகக் கிடக்கும். அமைதியான அலைகள் அதைச் சில வாரங்களில், சில இடங்களில் சில மாதங்களில், மெல்லக் கரையேற்றும். அந்த இடைவெளியில் அவசரப்பட்டுக் கல்லைக் கொட்டினால், மணல் வந்து அமர வேண்டிய இடத்தைக் கல் பிடித்துக்கொள்ளும். அசையாத ஓர் அடையாளக்கல்லிலிருந்து தாழ்நீர் மட்டத்துக்கு அப்பால் வரை, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் மட்டம் எடுங்கள், அதாவது மணலின் உயரத்தை அளந்து குறியுங்கள். ஐந்தாறு ஆண்டு அளவும் பழைய செயற்கைக்கோள் படங்களும் கையில் இருந்தால், கரை போய்வருகிறதா, போயே விட்டதா என்பது தெரிந்துவிடும். போயே விட்டதென்றால் மணல் வரவு எங்கோ அறுந்திருக்கிறது. ஆற்று மணலை நிறுத்தும் அணையையும், கரையோரமாக நகரும் மணலை மறிக்கும் துறைமுக அலைதடுப்பையும், மணல் அள்ளுவதையும் முதலில் பாருங்கள்.

இனி எல்லோரும் நம்பும் அந்தக் கல் சுவர். கடல் சுவர் காப்பது பின்னால் உள்ள நிலத்தை. முன்னால் உள்ள மணலை அல்ல. சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் காலடியைப் பறிக்கிறது. அங்கே ஆழம் கூடுகிறது. ஓரிடத்தில் உடையாமல் வரக்கூடிய அலையின் உயரம், ஏறத்தாழ அங்குள்ள நீரின் ஆழத்தில் 0.78 பங்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் 0.8 மீட்டர் அலை வந்ததென்றால், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும். நிலைத்து நிற்கத் தேவையான கல்லின் எடையோ அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: அலை இரட்டித்தால் எடை எட்டு மடங்கு (2×2×2). நேற்று 500 கிலோ கல் தாங்கிய இடத்தில் இன்று 4 டன் கல் வேண்டும். தன்னை உடைக்கப்போகும் அலையைச் சுவரே கூப்பிட்டு வைக்கிறது என்பதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

சாலையோ குடியிருப்போ விளிம்பில் நின்று, வேறு வழியே இல்லையென்றால் கட்டத்தான் வேண்டும். அப்போது முறையாகக் கட்டுங்கள். 1:1.5-ஐ விட (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் கிடை நீளம்) செங்குத்தான சரிவு வேண்டாம். அடியில் வடிகட்டித் துணி, அதன் மேல் பெருங்கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்குள்ள கற்கள், அதற்கு மேல் இரண்டு கல் தடிமனில் பெருங்கல். (செலவைக் குறைக்கச் சொன்னதும் முதலில் காணாமல் போவது துணிதான். துணி இல்லாவிட்டால் இடுக்கு வழியே மணல் உறிஞ்சப்பட்டு, கல் தானாக இறங்கும்.) சுவரின் கால், எதிர்பார்க்கும் பறிப்பு ஆழத்துக்குக் கீழே போக வேண்டும், தோண்ட முடியாத இடத்தில், பள்ளம் விழுந்தால் சரிந்து நிரப்பும்படி முன்னால் அகலமாகக் கல் பரப்புங்கள். சுவரின் இரு முனைகளையும் நிலத்துப் பக்கம் மடக்குங்கள். அடுத்தவர் நிலம் அரிபடத் தொடங்குவது அந்த முனையில்தான்.

கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவும் மணலைப் படைப்பதில்லை. ஒரு பக்கம் சேர்ந்தது மறுபக்கத்தாருக்கு வர வேண்டிய மணல். வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்புவது இதைவிட நேர்மையான வழி, ஆனால் மணல் துகள் அந்தக் கரையில் உள்ளதைவிட நுண்ணியதாக இருக்கக் கூடாது. இருந்தால் சீக்கிரமே கரைந்து போகும். சில ஆண்டுக்கொருமுறை மீண்டும் நிரப்புவது தோல்வி அல்ல, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற பராமரிப்பு.

மணல்மேடு இருக்கிறதா? தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கடல் தெரியவில்லை என்று சமன் செய்துவிட்டு, பிறகு சுவர் கேட்காதீர்கள். நடப்பதற்குத் தூண்கள் மேல் பலகைப் பாதை, காற்று கொண்டுவரும் மணலைப் பிடிக்கப் பாதி இடைவெளி விட்ட வேலி, அடம்பங்கொடி படரட்டும். இவ்வளவு போதும்.

வெள்ளம் தனிக் கணக்கு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். காற்று தள்ளிவரும் நீர், ஆழமற்ற கரையில் அதைவிடப் பன்மடங்கு. ஓதமும் (கடல் ஏற்றமும்) சேர்ந்தால் நீர் சுவரைத் தாண்டும், அல்லது மழைநீர் வடிகால் வழியே பின்வாசலில் நுழையும். கடலுக்குள் திறக்கும் குழாய்களில் ஒருவழிக் கதவு இருந்தால், புயல் பருவத்துக்கு முன் ஒரு நாள் தாழ்நீரில் போய்ப் பாருங்கள். ஒரு குச்சி சிக்கினாலே அது மூடாது. "நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு ஆண்டு நிம்மதி என்று பொருளில்லை. ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு, 30 ஆண்டில் ஏறத்தாழ 26 சதவீதம்.

ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே ஆளைத் தள்ளும். 30 சென்டிமீட்டர் சிறு காரை நகர்த்தும். இறங்காதீர்கள். உப்புநீர் பட்ட மின் இணைப்பை, தெரிந்தவர் பார்க்கும் வரை போடாதீர்கள். கிணற்றில் கடல்நீர் புகுந்தால் மோட்டாரைப் போட்டு ஒரேயடியாக இறைக்காதீர்கள். அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறிவிடும். கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, உப்பு குறைகிறதா என்று பார்த்து மீண்டும் இறையுங்கள்.