மூங்கில் கட்டுமானப் பொருள் தயாரிக்க மானியக் கடன்: இயந்திரம் வாங்கும் முன் ஒரு வார்த்தை

என்னிடம் வந்த ஒரு பெண், நகையை அடகு வைத்து மூங்கில் பிளக்கும் இயந்திரம் வாங்கி, இரண்டு மாதம் தட்டி பின்னி விற்ற பிறகே மானியக் கடனுக்கு விண்ணப்பித்தார். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே கடன் என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்திரமாக வைத்திருந்த பில்லே அவருக்கு எதிரான சான்றாகிவிட்டது. ஆகவே, வங்கி ஒப்புதல் கைக்கு வரும்வரை விலைப்புள்ளி வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

நான் சொல்வது பி.எம்.இ.ஜி.பி. எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம். 2025-26 வரைக்கே ஒப்புதல் தரப்பட்ட திட்டம் என்பதால், புதிய விண்ணப்பம் எடுக்கிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு 35 விழுக்காடு மானியம். நகர எல்லைக்குள் என்றால் 25 தான். நீங்கள் குடியிருக்கும் ஊரை யாரும் பார்ப்பதில்லை, கொட்டகை நிற்கும் இடமே கணக்கு. 20 லட்ச ரூபாய்த் திட்டத்தில் அந்த வேறுபாடு 2 லட்சம் என்பதால், வாடகை ஒப்பந்தம் எழுதும் முன் இடம் ஊராட்சியில் வருகிறதா, நகராட்சியில் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று வேண்டும். தலைமுறையாக முறம் பின்னுகிறவரின் கைத்திறனுக்கு அங்கே மதிப்பில்லை; அப்படிப்பட்டவர் மதிப்பை 10 லட்சத்துக்குள் வைத்துக்கொள்வதே வழி. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க விடமாட்டார்கள்.

மானியம் கையில் வராது. அது மூன்று ஆண்டுகள் உங்கள் பெயரில் வங்கி வைப்பாகக் கிடந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிக்கப்படும். அதற்குள் கொட்டகையை மூடினால் மானியம் போய்விடும், கடன் மட்டும் நிற்கும்.

விண்ணப்பம் பெரும்பாலும் சாவது வங்கியில்தான். நான்கு முறை கிளைக்கு அலைந்த ஒருவரின் இணைய விண்ணப்பப் பக்கத்தில், ‘விண்ணப்பதாரருக்கு ஆர்வமில்லை’ என்று காரணம் எழுதி மூடியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்காவது சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

திட்ட அறிக்கையில் வங்கி முதலில் வெட்டப் பார்ப்பது போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் மூங்கிலை ஊறவைக்கும் தொட்டியைத்தான். விட்டுக்கொடுக்காதீர்கள். பதப்படுத்தாத மூங்கில் விரைவில் உளுத்துக் கொட்டும். அப்புறம் உங்கள் தட்டியைக் கூரைக்கு வாங்க ஆள் இருக்காது. கட்டுமான மூங்கிலைப் பதப்படுத்தும் முறைக்கான ஐ.எஸ். 9096 என்ற இந்தியத் தரக்குறிப்பை அறிக்கையோடு இணைத்துவிட்டால், அது ஆடம்பரச் செலவு என்று சொல்ல இடமிருக்காது.

கடைசியாக, மூங்கில் ஏற்றி வரும் லாரி. மூங்கில் மரமல்ல, எங்கும் தடையில்லை என்று தரகர்கள் சொல்வது 2017ல் மத்திய வனச்சட்டத்தில், வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலுக்காகச் செய்த திருத்தத்தை வைத்து. தமிழ்நாட்டுக்கு 1882ஆம் ஆண்டின் தனி வனச்சட்டம் உண்டு. மத்தியத் திருத்தத்தின் நகலை நீட்டினால் சோதனைச்சாவடி திறக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பட்டா நிலத்து மூங்கிலானாலும், வெட்டும் முன் நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்து, பதிலை எழுத்தில் பெற்று, ஓட்டுநரிடம் ஒரு நகல் கொடுத்தனுப்புங்கள்.