வாளித் தண்ணீரில் வெளிப்படும் கைநோய்

சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கு கழுவுபவர்களுக்கும் கொலுசுப் பட்டறைகளில் வெள்ளி கழுவுபவர்களுக்கும் கை ஊறுவது புதிதல்ல. நெடுநேரம் நனைந்தால் எல்லோருக்கும் விரல் நுனி சுருங்கும். நரம்புகள் ரத்தக் குழாய்களை இறுக்குவதால் அப்படி ஆகிறது. நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது.

சிலருக்கோ தண்ணீரில் கை வைத்த மூன்று, ஐந்து நிமிடங்களிலேயே உள்ளங்கை வெளுத்துத் தடித்துவிடுகிறது. கண்ணாடி போன்ற சிறுசிறு மேடுகள் எழும்புகின்றன. அவற்றின் நடுவே வியர்வைத் துளைகள் புள்ளிகளாக விரிந்து தெரியும். எரியும், அரிக்கும், தோல் இழுத்துப் பிடிக்கும். துடைத்து உலரவிட்டால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சுவடின்றி மறைந்துவிடும். இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் அரிய நோய் இது.

மறைந்துவிடுவதுதான் தொல்லை. ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து மலை இறங்கி மருத்துவரிடம் கையை நீட்டும்போது அங்கே காட்ட ஒன்றும் இருக்காது. பாத்திரம் கழுவச் சோம்பல் என்று வீட்டில் பழி வேறு. அது பெரிய அநியாயம். அறையிலேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டு, கையை அமிழ்த்திக் காட்டுங்கள். நோயைக் கண்டறியும் முறையே அதுதான்.

நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களிடம் 1974இல் இந்தக் கைநோய் முதலில் பதிவானது. அந்தப் பரம்பரை நோய்க்குக் காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. வியர்வை வெளியேறும் வழியில் அதிலுள்ள உப்பை உடல் மீட்டுக்கொள்ள உதவும் வாயிலை உருவாக்குவது அந்த மரபணு. வாயில் பழுதானால் உப்பு தோலின் மேலடுக்கில் தங்கி, மழைக்காலத்து உப்பு ஜாடி போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது ஒரு விளக்கம்.

இந்தக் கைநோய் வந்த எல்லோரிடமும் அந்தப் பழுது இருப்பதில்லை. ஆனால் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாகி, மற்றபடி நலமாக இருப்பவர்களுக்கும் இது வருகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே அப்படிப்பட்டவர்களானால், ஒவ்வொரு குழந்தைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அடிக்கடி சளி, நுரையீரல் தொற்று என்று அவதிப்படுபவர்கள், வியர்வையில் உப்பை அளக்கும் வியர்வைப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

இரவில் உலர்ந்த கையில் தடவும் அலுமினியம் குளோரைடு பலருக்குக் குணம் தருகிறது. ஆஸ்பிரின், செலகாக்சிப் போன்ற வலி மாத்திரைகளும் இதைத் தூண்டியதுண்டு. சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.