வினையூக்கி தூண்டி அன்று

‘நோய்க்குறிப்பான்களைத் தூண்டும் வேதிப்பொருள்களால் நோயை முன்கூட்டியே கண்டறியலாம்’ என்னும் போக்கிலான வரிகளை மருத்துவச் செய்திகளின் மொழிபெயர்ப்புகளில் பலமுறை படித்துவிட்டேன். நோய்க்குறிப்பான் என்பது நோய் இருப்பதைக் காட்டும், குருதி போன்றவற்றில் உள்ள பொருள். மூலத்தில் இருப்பது, சோதனையில் எழும் நிறத்தை ஒரு வினையூக்கி பெருக்கிக் காட்டுகிறது என்பதுதான். தமிழிலோ, அந்த வேதிப்பொருள் உடலுக்குள் சென்று நோயின் அடையாளத்தையே கிளப்பிவிடுவதாகப் பொருள்படுகிறது. சோதனைக்குக் குருதி கொடுக்கப்போகும் ஒருவர் இதைப் படித்து அஞ்சினால் பிழை அவருடையதன்று.

மேலைமொழிகளில் வழங்கும் ‘கேட்டலிசிஸ்’ என்னும் சொல்லை 1835-இல் ஆக்கியவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். கிரேக்க வேரின்படி அதற்குக் கட்டவிழ்த்தல் என்று பொருள். தான் செலவாகாமல் வினையின் வேகத்தை மாற்றுவதே வினையூக்கி என்ற தெளிவு பின்னர் ஜெர்மானிய வேதியியலாளர் ஓஸ்ட்வால்டால் வந்தது. 1909-இல் அவர் பெற்ற நோபல் பரிசு இத்துறை ஆய்வுகளுக்கும் உரியது. தமிழில் முன்பு ‘கிரியா ஊக்கி’ என்றனர், பிறகு ‘வினையூக்கி’ என்றனர். முன்னதில் வடசொல் கலந்திருப்பது எனக்குப் பெரிய குறையன்று, ஏனெனில் கருத்தைச் சுமக்கும் ‘ஊக்கி’ இரண்டிலும் இருக்கிறது.

அந்த ‘ஊக்கி’யை எடுத்துவிட்டுத் ‘தூண்டி’யை வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தூண்டுதல் என்பது கிடந்ததைக் கிளப்பிவிடுவது. திரியைத் தூண்டிவிட்டவர் விலகிப் போகலாம், விளக்கு தானே எரியும். மேலும் அச்சொல்லுக்கு அறிவியல் தமிழில் ஏற்கெனவே வேலைகள் உண்டு: இயற்பியலில் மின்காந்தத் தூண்டல், உயிரியலிலும் உளவியலிலும் தூண்டலும் துலங்கலும். தடுப்பூசி நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதும் சரியான தமிழே. இத்தனைக்கும் பொதுவான சொல்லை வினையூக்கிக்கும் கொடுத்தால், மருத்துவச் செய்தியில் எது எதைத் தூண்டுகிறது என்று படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

குருதி போன்ற மாதிரிகளில் குறிப்பிட்ட புரதம் உள்ளதா என்று நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனையை எடுத்துக்கொள்வோம். 1971-இல் சுவீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனியே வெளிவந்த முறை இது. தட்டிலுள்ள சிறு குழியில், தேடப்படும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளுடன் ஒரு நொதி, அதாவது வினையூக்கியாகச் செயல்படும் ஒரு புரதம், பிணைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது குதிரைமுள்ளங்கியிலிருந்து பெறப்படும் பெராக்சிடேஸ். டிஎம்பி என்னும் வேதிப்பொருளின் நிறமற்ற கரைசலை ஹைட்ரஜன் பெராக்சைடுடன் ஊற்றியதும் குழி நீலமாகத் தொடங்குகிறது. அமிலம் சேர்த்தால் வினை நின்று மஞ்சளாகிறது. ஒரே நொதி மூலக்கூறு ஒரு டிஎம்பி மூலக்கூறை மாற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்ததை, அதற்கடுத்ததை என்று ஆயிரக்கணக்கில் மாற்றுகிறது. மிகச் சிறிதளவே உள்ள புரதமும் கண்ணுக்குத் தெரிவது இந்த ஓயாத திரும்பலால்தான். ஒருமுறை கிளப்பிவிட்டு ஒதுங்கும் தூண்டலில் இந்தத் திரும்பல் இல்லை; விடாமல் உடனிருந்து செயலை நடத்தும் ஊக்கத்தில் இருக்கிறது.

கருவுறுதலை அறியும் பட்டையில் தெரியும் கோடு இதற்கு மாறானது. அங்கே பெரும்பாலும் தங்க நுண்துகள்களின் சொந்த நிறமே கோடாகிறது. ஒட்டிய துகள்கள் குறைந்தால் கோடும் மங்கும். அத்தகைய பட்டைகளில் பிளாட்டினம் பூசிய துகள்களை வினையூக்கியாக வைத்து நிறமாற்ற வினையை நடத்தும் ஆய்வுகள் வந்துள்ளன. இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் பெராக்சிடேஸைப் போல வினையாற்றுவதை 2007-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு இத்துறை விரைந்து வளர்ந்தது. இத்துகள்கள் புரதங்கள் அல்ல, ஆகவே வெறுமனே ‘நொதி’ என்று எழுதுவதும் தவறு. ‘நுண்துகள் வினையூக்கி’ என்றால் குழப்பமில்லை.

‘தூண்டி’க்காக வாதிடுவோர், வினையூக்கி இல்லாவிட்டால் வினை நடப்பதே தெரிவதில்லையே என்பர். உண்மைதான். ஆனால் இயலாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்த முடியாது. இயலக்கூடியதற்கு எளிய வழி திறந்து விரைவுபடுத்துவது மட்டுமே அதன் பணி. அகராதியில் கண்ட முதல் சொல்லை எடுத்துப் பொருத்தும் மொழிபெயர்ப்பாளர், அந்தக் குழிக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை கேட்டறிந்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது. அவ்வரியை இப்படி எழுதியிருக்கலாம்: ‘குருதி மாதிரியில் மிகச் சிறிதளவே உள்ள நோய்க்குறிப்பானையும், சோதனையின் நிறத்தை வினையூக்கியால் பெருக்கிக் கண்டறியலாம்.’