ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: எது சாப்பாட்டில் சரியாகும், எது ஆகாது?

"டாக்டர், இந்த மாத்திரை எல்லாம் இல்லாமல் சாப்பாட்டிலேயே இதைச் சரிபண்ண முடியாதா?"

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக்கோளாறு இசிஜியில் தெரிந்து, சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். வாழ்நாள் முழுக்கச் சாப்பிடச் சொல்லும் மாத்திரையை யாராக இருந்தாலும் ஒருமுறை சந்தேகத்தோடு பார்க்கத்தான் செய்வார்கள். இதற்கு என் பதில் பாதி 'முடியும்', பாதி 'முடியாது'. எந்தப் பாதி எதற்கு என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பிரிவு புரியாததால் வாய் கோணி, ஒரு பக்கக் கையைத் தூக்க முடியாமல் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான தாறுமாறான மின்துடிப்புகளில் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் இந்த நோய். நல்லவேளையாக, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏவி கணு அவற்றில் பெரும்பாலானவற்றை மறித்துவிடுகிறது. தப்பித்து இறங்கும் துடிப்புகளுக்கு ஒழுங்கு கிடையாது. மணிக்கட்டில் விரல் வைத்தால் உடனே தெரியும்: இரண்டு துடிப்பு நெருங்கி வரும், மூன்றாவது எங்கே என்று விரல் காத்திருக்கும், அப்புறம் ஒன்று மெலிதாக, ஒன்று ஓங்கி. இரண்டு நிமிடம் எண்ணினாலும் அதில் ஒரு தாளம் பிடிபடாது.

இதனால் வரும் தொல்லை இரண்டு வகை. முதலாவது உங்களுக்குத் தெரியும்: படபடப்பு, மூச்சு வாங்குதல், மாடிப்படி ஏறினால் அசதி. இதயம் மாதக்கணக்கில் வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தால் அதன் தசையே பலவீனமாகும். இரண்டாவது தொல்லை சத்தமே போடாது. நடுங்கும் மேலறை ரத்தத்தை முழுசாக வெளியே தள்ளுவதில்லை. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பை இருக்கிறது. ஓடாத குட்டையில் பாசி பிடிப்பதுபோல அங்கே தேங்கும் ரத்தம் உறைகிறது. வால்வு நோய் இல்லாதவர்களுக்கு இதயத்தில் கிடைக்கும் உறைகட்டிகளில் சுமார் 90 சதவீதம் அந்தப் பைக்குள்தான். அதில் ஒரு துணுக்கு கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்து மடங்கு அதிகம்.

ஆகவே சீட்டில் இருக்கும் மாத்திரைகளும் இரண்டு வகை. மெட்டோபிரோலால், பிசோபிரோலால், டில்டியாசெம், டிகாக்சின், அமியோடரோன் போன்றவை வேகத்தையோ தாளத்தையோ பார்த்துக்கொள்பவை. வார்ஃபரின், அபிக்சாபான், ரிவராக்சபான், டாபிகட்ரான் ஆகியவை ரத்தம் உறையாமல் தடுப்பவை. உணவும் பழக்கமும் முதல் வகை வேலையில் பெரிய கை கொடுக்கும். இரண்டாவது வேலையைச் செய்யும் உணவோ சத்து மாத்திரையோ இதுவரை கிடையாது.

முதலில் நல்ல செய்தி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015இல் வெளியான 'லெகசி' ஆய்வில், உடல் பருமனோடு இந்த நோயும் இருந்தவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு, குறைக்காதவர்களைவிட, தாளக்கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு இருந்தது. அவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்குத் தாளத்துக்கான மருந்தோ தாறுமாறான மின்துடிப்பைக் கிளப்பும் இடத்தைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையோ இல்லாமலே தாளம் ஒழுங்காக இருந்தது. ஒரு மாத்திரை இப்படி ஒரு பலனைக் காட்டியிருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் போட்டிருப்பார்கள். எடை குறைப்பை மட்டும் நாங்கள் சீட்டின் கடைசி வரியில் எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். இது எங்கள் தொழிலில் மாற வேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: எடை மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பலனில் ஒரு பகுதி கைநழுவிப் போனது. பட்டினி கிடந்து குறைத்து மறுபடி ஏற்றிக்கொள்வதைவிட, மெதுவாகக் குறைத்து அங்கேயே நிற்பதுதான் இங்கே மருந்து.

மது இன்னும் நேரடியானது. வாரத்துக்குப் பத்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்துக்கொண்டிருந்த 140 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிறுத்தச் சொல்லி 2020இல் ஓர் ஆய்வு வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதம் பேருக்குத் தாளக்கோளாறு திரும்பியது. நிறுத்தச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம். "கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சை இந்த நோய் உள்ளவர்கள் மறந்துவிடலாம்.

காபியைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 2025இல் வெளியான ஓர் ஆய்வில், தாளத்தை மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கியபின் காபியைத் தொடர்ந்தவர்களுக்கு நோய் திரும்பியது 47 சதவீதம் பேருக்கு, நிறுத்தியவர்களுக்கு 64. குடிக்காதவர்கள் இதற்காகப் பழக வேண்டாம். குடிப்பவர்கள், உங்களுக்கே படபடப்பு வந்தால் ஒழிய, அந்த ஒரு கோப்பையை விட வேண்டியதில்லை.

ரத்த அழுத்தம், உப்பு, சர்க்கரை பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நானும் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு மேலறை ஒவ்வொரு இரவும் அடி வாங்குகிறது. நீங்கள் குறட்டை விடுவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். நடுநடுவே மூச்சு நிற்கிறது என்று அவர் சொன்னால் தூக்கப் பரிசோதனைக்குக் கேட்டு வாங்குங்கள்.

சரி, சத்து மாத்திரைக்கு வருவோம். வருபவர்களிடம் நான் ஒரு வேண்டுகோள் வைப்பதுண்டு: வீட்டில் எதெதெல்லாம் சாப்பிடுகிறீர்களோ, அத்தனையையும் டப்பாவோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மேசையில் கொட்டிப் பின்பக்கச் சிறு எழுத்தை உட்கார்ந்து படித்தால் நிறையத் தெரியவரும்.

அனேகமாக எல்லாப் பையிலும் மீன் எண்ணெய் இருக்கும். 'இதயத்துக்கு' என்று டப்பாவிலேயே படம் போட்டிருக்கும். ஆனால் அதில் இருக்கும் ஒமேகா-3 பற்றிய பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரும் அபாயம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. ஒரு கிராமுக்குள் எடுத்தவர்களுக்குச் சுமார் 12 சதவீதம். படபடப்புக்கு நல்லது என்று நினைத்துச் சாப்பிடுவதே படபடப்பைக் கூட்டலாம். மீனைச் சாப்பாட்டில் சாப்பிடுவது வேறு, மாத்திரையாக விழுங்குவது வேறு.

அப்புறம் மெக்னீசியம். ரத்தத்தில் குறைந்திருந்தால் தாளம் கெடும் என்பது உண்மை. நீர்போக்கு மாத்திரை, அமிலம் குறைக்கும் மாத்திரை நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்கு அது குறையவும் குறையும். அப்போது ஈடுகட்டத்தான் வேண்டும். அளவு சரியாக இருப்பவர் மேலும் மேலும் சாப்பிட்டால் இந்த நோய் அடங்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது உடம்பிலேயே தேங்கும். பொட்டாசியம் இதைவிட ஆபத்து: ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரைகளைச் சாப்பிடுபவர் தானாகப் பொட்டாசியம் எடுத்தால், அல்லது பொட்டாசியம் கலந்த 'மாற்று உப்பு'க்கு மாறினால், இதயம் நின்றுபோகும் அளவுக்கு அது ஏறலாம். இரண்டுக்குமே முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது எலும்புக்கு என்று விற்கும் கால்சியம் கலவைகள். அவற்றில் சிலவற்றில், வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே2 சேர்த்திருக்கிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுபவரின் ஐஎன்ஆர் எண் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பல மாதங்களாக அப்படியே நின்ற எண் திடீரென்று 1.3 என்று வந்தால், மாத்திரை போட மறந்தாரோ என்றுதான் முதலில் தோன்றும். பையைக் கொட்டிப் பார்த்தால் மூட்டுவலிக்காக யாரோ வாங்கிக் கொடுத்த புது டப்பா ஒன்று இருக்கும். கோஎன்சைம் க்யூ10-ம் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். மஞ்சள் சாறு, பூண்டுச் சாறு, ஜிங்கோ என்ற மூலிகை, அதிக அளவு வைட்டமின் ஈ மாத்திரைகள் எதிர்ப்பக்கம் இழுத்து ரத்தக்கசிவைக் கூட்டலாம். அதிமதுரம் அதிகமானால் பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் தைராய்டு பரிசோதனையையே பொய்யாக்கி, இல்லாத தைராய்டு மிகைப்பு இருப்பதுபோல் காட்டும். இந்த நோய்க்குக் காரணம் தேடும்போது முதலில் பார்ப்பதே தைராய்டைத்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

கீரையில் வைட்டமின் கே இருக்கிறது, அதனால் வார்ஃபரின் சாப்பிட்டால் கீரையே தொடக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாறாமல், ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். மாத்திரையின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். அபிக்சாபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கவலையே இல்லை.

இப்போது மருந்தைக் கேள்வி கேட்பது. தயங்காமல் கேளுங்கள். எங்கள் துறையே இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டதுதான். மாரடைப்புக்குப் பின் வரும் தப்புத்துடிப்புகளை அடக்கினால் ஆயுள் கூடும் என்று நம்பி ஃபிளெகைனைடு, என்கைனைடு என்ற மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1989இல் வெளியான 'காஸ்ட்' ஆய்வு, அந்த மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று காட்டியது. இசிஜி அழகாகிவிட்டது என்பதும் ஆள் நலமாகிவிட்டார் என்பதும் ஒன்றல்ல.

அமியோடரோன் தந்திருந்தால், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தைராய்டு, கல்லீரல், நுரையீரல் மூன்றையும் பாதிக்கக்கூடியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனை வேண்டும். டிகாக்சின் என்றால், என் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா என்று கேளுங்கள். பசியே போய், குமட்டி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே கேளுங்கள். ரிவராக்சபான் என்றால் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் முழுசாக உறிஞ்சப்படாது; இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? அபிக்சாபானைப் பாதியாக, 2.5 மில்லிகிராமாக, கொடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.5 அல்லது மேல்: இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் வழக்கமாகப் பாதி அளவு. வெறும் பயத்தில் குறைத்த அளவு பக்கவாதத்தைச் சரியாகத் தடுக்காது. ஆஸ்பிரின் மட்டும் போட்டுக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பவர்களும் கேளுங்கள், அது இந்த வேலைக்குப் போதாது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உங்களுக்குத் தேவைதானா என்றும் கேட்கலாம். எல்லாருக்கும் தேவையில்லை. இதய பலவீனம், ரத்த அழுத்தம், வயது, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம், ரத்தக்குழாய் நோய் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டுத்தான் முடிவெடுக்கிறோம். உங்கள் புள்ளி எத்தனை என்று கேட்டால் சொல்ல வேண்டும். மிதமான அல்லது கடுமையான மிட்ரல் வால்வு சுருக்கத்தோடு இந்த நோய் இருப்பவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் மட்டும் புள்ளிக் கணக்கு கிடையாது. அவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் ரிவராக்சபானை ஒப்பிட்டு 2022இல் வந்த ஆய்வில் பழைய மருந்தே நன்றாக வேலை செய்தது.

நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை குறைந்தது, குடியை விட்டாயிற்று, மாதக்கணக்கில் படபடப்பே இல்லை, கைக்கடிகாரமும் தாளம் சரி என்கிறது. "இனி எதற்கு?" என்று தோன்றும். 2002இல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில் 4,060 பேர் இருந்தார்கள். வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதா, தாளத்தையே சீராக்குவதா என்று ஒப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியிருந்தவர்கள், அல்லது ஐஎன்ஆர் போதாமல் இருந்தவர்கள். தாளம் சீரானதாகத் தெரிந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. இந்த நோய் பலருக்கு உணர்வே இல்லாமல் வந்து போகும். உங்கள் வயதும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படியேதான் இருக்கின்றன.

நிறுத்தவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அப்லேஷன் செய்து ஒரு வருடத்துக்கு மேல் நோய் திரும்பாதவர்களை வைத்து 2025இல் வந்த ஓர் ஆய்வில், மாத்திரையை நிறுத்தியவர்களுக்குப் பக்கவாதம் கூடவில்லை, ரத்தக்கசிவு குறைந்தது. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, கண்காணிப்பில் நிறுத்தியவர்கள். உங்களுக்கும் அது பொருந்தலாம், மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். ஈறில் ரத்தம், தோலில் கன்றல், செலவு, மறதி என எது உங்களை நிறுத்தத் தூண்டினாலும் நிறுத்துவதற்கு முன் வந்து சொல்லுங்கள். மருந்தை மாற்றலாம், கூடவே போடும் வலி மாத்திரையை நிறுத்தலாம், தாங்கவே முடியாதவர்களுக்கு அந்தச் சின்னப் பையை அடைக்கும் கருவியும் இருக்கிறது. புதிய மருந்துகளின் வேலை ஒரு நாள், இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்பதால் "ஊரிலிருந்து வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று விடாதீர்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்கள் பயந்து இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்; இன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். முகம் ஒரு பக்கம் தொங்கினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அரை மணி நேரம்கூடப் பொறுத்துப் பார்க்க வேண்டாம். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பெரும்பாலும் நாலரை மணி நேரம்தான் கெடு. ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்: கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு. அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பது இந்த இரண்டு நேரத்தையும் பார்த்துத்தான் முடிவாகும்.