தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்

இந்த மாதமும் ஒரு குடும்பம் வந்தது. தாத்தா 1950களில் வாரப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய நோட்டு. தலைவர்கள் படம், கச்சேரி விமரிசனம், நடுநடுவே மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். பேரன் அதைத் தாள் தாளாகப் பிரித்து, கடையில் லேமினேட் செய்து, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தார். "பழுப்பேறிக்கொண்டே போகிறது, சரிசெய்து தர முடியுமா?" என்றார். முடியாது. பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், ஆனால் லேமினேட் ஆன செய்தித்தாளுக்கு நான் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. ஆசையோடு செய்த காரியம் என்பதால் கோபித்துக்கொள்ளவும் மனம் வருவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பங்களைப் பறிகொடுத்த சென்னைக்காரர்கள் தண்ணீருக்குப் பயப்படுவது நியாயம்தான். தண்ணீர் போகாது, பூச்சி போகாது, அப்புறம் என்ன ஆபத்து என்று கேட்கிறார்கள். ஆபத்து காகிதத்துக்குள்ளேயே இருக்கிறது. செய்தித்தாள் மலிவான மரக்கூழ், மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாதது. அது பழுக்கப் பழுக்க அமிலம் அதிலேயே ஊறுகிறது. அதைப் பிளாஸ்டிக்கில் வைத்து மூடினால் அமிலத்தையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள். கடை மெஷினின் சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டும். அதில் உருகும் பசை காகித இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் கூடவே வரும். ஓரம் வெட்டியிருந்தால் அந்த விளிம்பு வழியாக ஈரம் உள்ளே போகும், சுலபத்தில் வெளியே வராது, பூஞ்சை பிடிக்கும். கலர் போட்டோவுக்கு அந்தச் சூடே கெடுதல். இப்போது மெஷினில் அச்சாகிற பஸ் டிக்கெட்டும் கடை ரசீதும் சூட்டில் நிறம் மாறும் தாள். லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும், சும்மா வைத்தாலும் சில வருடத்தில் எழுத்து மங்கிவிடும். அவற்றை வாங்கிய வாரமே நகல் எடுத்துவிடுங்கள்.

"ஆவணக் காப்பகத்திலேயே லேமினேட் செய்தார்களே" என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். செய்தார்கள். நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை அசிட்டோன் தொட்டுக் கையால் ஒட்டும் முறை இருந்தது. அதே கரைப்பானால் அதைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. கடையில் செய்வது வேறு சமாச்சாரம்.

ஐம்பது வருடம் கழித்து ஒருவர் இதை அலுங்காமல் பிரிக்க முடியுமா? எதை ஒட்டும் முன்னும் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செலோ டேப்பைப் பிரிக்க முடியாது, அதன் பசை எண்ணெய்க் கறையாகத் தாளில் இறங்கும். வெள்ளைப் பசையும் காய்ந்தபின் விடாது. பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் போட்டோவை அமுக்கி ஒட்டுகிற ஆல்பம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதில் படங்கள் இன்னும் கழன்று வந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள்.

புதிதாகச் செய்பவர்கள் அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குங்கள். அமிலத்தைச் சோதிக்கும் பி.எச். பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் மஞ்சளாக இருந்தால் அமிலம், ஊதாவானால் நல்ல தாள். கறுப்பு சார்ட் வேண்டாம். பூவிதழ் பதித்த அலங்காரக் காகிதமும் வேண்டாம். படங்களை ஒட்டவே ஒட்டாதீர்கள். அதே நல்ல தாளில் சின்ன முக்கோண மூலைகள் மடித்து, அவற்றை மட்டும் ஒட்டி, படத்தைச் செருகுங்கள். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி நீர்க்கப் பூசினால் போதும். பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய பைண்டிங் வழக்கம். அதிலுள்ள செம்பு காகிதத்தை அரிக்கும், வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம், வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாம் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும். போட்டோவின் பின்னால் பெயரும் வருடமும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

செய்தித்தாள் துணுக்கை நல்ல தாளில் நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். அசலைத் தனி உறையில் வைக்கலாம். படங்களோடு சேர்த்து வைத்தால் அதன் பழுப்பு பக்கத்துத் தாளுக்கும் ஏறும்.

பரணில் வைக்காதீர்கள், மொட்டை மாடிச் சூடு நேராக இறங்கும் இடம் அது. பாலித்தீன் பையும் ஆகாது. பருத்தித் துணியில் சுற்றி, பீரோவின் நடுத்தட்டில் படுக்கவைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை மின்விசிறிக் காற்றில் புரட்டிப் பாருங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம்.

ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டவர்கள் பிரிக்க முயல வேண்டாம். இஸ்திரிப் பெட்டி வைத்து உரிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத்து இன்னும் தெளிவாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.